சத்தம் வராததைச் சம்மதம் என்று எழுதியவன்

ஓகஸ்ட் 9, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. உன் நிக்காஹ்வுக்கு இன்னும் ஐந்து நாள், ஒரு மணித்தியாலம், பத்து நிமிடம். நேற்று சுபஹ் தொழுகையிலிருந்து இந்த நிமிடம் வரை நீ என்னோடு பேசியவை மொத்தம் ஒன்பது சொற்கள். ஓம். சாப்பிட்டாச்சு. வேணாம். ஓம். தெரியா. இரிக்கட்டும். சரி. உங்கட விருப்பம். எண்ணினேன் மகள். குளிர் அறை திருத்துகிறவனுக்கு அளவு எடுக்காமல் ஒரு முடிவுக்கும் வரத் தெரியாது. சென்ற வருடம் இதே மாதத்தில் ஒரு சோற்றுக் கோப்பை காலியாவதற்குள் நீ தொள்ளாயிரம் சொல் பேசுவாய். அப்போது நான் எண்ணவில்லை, "கொஞ்சம் வாயை மூடு" என்றேன்.

இதை நேரில் சொல்லலாம். சொன்னால் நான் உன் பேச்சை இடையில் வெட்டுவேன், நீ பாதியில் நிறுத்துவாய், நான் மீதியை நானே சொல்லி முடித்துவிட்டு எழும்பிப் போவேன். நாற்பது வயதாகிறது, தாடியில் இன்னும் நரை இல்லை, அறிவுரை சொல்லும் வாப்பாமாரின் தோற்றமும் எனக்கு இல்லை. போன மாதம் மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் என்னை உன்னோடு பிறந்த மூத்த காக்கா என்று நினைத்துக்கொண்டு, "வாப்பா வரல்லையா தம்பி?" என்று கேட்டார். பத்தொன்பது வயதில் எனக்குக் கலியாணம் கட்டி வைத்தால் அப்படித்தான். ஆகவே இதை அறிவுரையாக எடுக்காதே. இது ஒரு பழுது அறிக்கை. முதலில் நீ படி. நீ சம்மதித்தால், பெண்பிள்ளை பெற்ற மற்றவர்களும் படிக்கட்டும் என்று பத்திரிகைக்குக் கொடுப்பேன். சம்மதிக்காவிட்டால் கிழித்துவிடு.

உயர்தரத்தில் நீ நாடகம் படித்த வருடம் உனக்கு வீட்டில் எழுதிக்கொண்டு போக ஓர் ஒப்படை வந்தது, நினைவிருக்கிறதா? எத்தனையோ தலைமுறையாக மேடையேறுகிற பழைய துன்பியல் நாடகம். மேலூருக்கும் கீழூருக்கும் தண்ணீர்ச் சண்டை. சண்டையை முடிக்க, மேலூர்த் தலைவன் தன் மகளைக் கீழூர்த் தலைவனின் மகனுக்குக் கொடுப்பதாக வாக்களிக்கிறான். மகளுக்கு விருப்பமில்லை. வேலைக்காரியிடம் சொல்கிறாள். வேலைக்காரி வாயிற்காவலனிடம் சொல்கிறாள். வாயிற்காவலன் குறி சொல்கிறவனிடம் சொல்கிறான். குறி சொல்கிறவன் தலைவனிடம் சுற்றி வளைத்து எதையோ சொல்கிறான், தலைவனுக்கு விளங்கவில்லை. சபை நடுவில் தலைவன் மகளைப் பார்த்து "சம்மதமா?" என்று கேட்கிறான். அவள் தலையைக் குனிகிறாள். முரசு அடிக்கிறார்கள். கடைசியில் அவள் தனியாகப் போய் மதகைத் திறந்துவிட்டு, வாய்க்காலிலேயே நின்று தண்ணீரோடு போகிறாள். இரண்டு ஊரின் வயலும் பந்தலும் அவளோடு போகின்றன. "எனக்கு யாருமே சொல்லவில்லை" என்று தலைவன் அழுவதோடு திரை விழுகிறது. ஒப்படைக் கேள்வி: இந்த முடிவுக்குப் பொறுப்பு யார்?

நீ அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு பின் முற்றத்துக்கு வந்தாய். உன் உம்மா கீரி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். உன் மாமி, எனக்கு மூத்த என் ராத்தா, தையல் மெஷினில் இருந்தாள். நான் ஒரு கம்பிரசரைத் திறந்து வைத்திருந்தேன்.

"வேலைக்காரிதான்," என்றாள் உன் உம்மா, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல். "வீட்டுக்குள்ள இரிக்கிறவள் அவள்தானே. தாய்க்காரிட காதில ஒரு சொல்லுப் போட்டிருந்தா முடிஞ்சிரிக்கும்."

"தாய்க்காரி நாடகத்திலயே இல்ல உம்மா."

"அதான் அந்த ஊர் நாசமாப் போயிரிக்கி."

நான் விடையைச் சட்டென்று சொன்னேன். வேலை கிடந்தது. "வாயிற்காவலன். செய்தி நேராப் போகவேண்டிய இடத்தில அவன் வழிய மாத்திட்டான். அங்கதான் வயர் அறுந்திரிக்கி. எழுது, போ."

நீ போகவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாய். "அப்ப ஹாஜியார்ட மீன் அறையிலயும் எலிதானே வாப்பா குற்றவாளி?"

ராத்தா சிரித்த சிரிப்பில் நூல் அறுந்தது. எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் அது உண்மை. கடற்கரையில் ஹாஜியாரின் குளிர் அறைக்கு எச்சரிக்கை மணி பூட்டியவன் நான். சூடு ஏறினால் கம்பி வழியாக மின்சாரம் போய் மணி அடிக்கும். நல்ல ஏற்பாடு, கம்பி இருக்கும் வரை. எலி கம்பியைக் கடித்தது, பிறகு இயந்திரமும் நின்றது, மணி அடிக்கவில்லை. காவலாளி வெளியே கதிரையில் நிம்மதியாக இருந்தான். "சத்தம் வரல்லயே தம்பி, எல்லாம் சரி எண்டுதானே நினைச்சன்" என்றான். ஓர் அறை நிறைய அறுக்குளா மீன் நாறிப் போனது. ஹாஜியார் காவலாளியை ஏச, காவலாளி என்னைக் காட்ட, நான் எலியைக் காட்டினேன். மூன்று நாள் எலியைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன். பிறகு வெட்கத்தோடு போய், இருந்ததைப் பிடுங்கிவிட்டு வேறு மாதிரிப் பூட்டினேன். இப்போது அந்தக் கம்பியில் எந்நேரமும் மின்சாரம் ஓடும். ஓட்டம் நின்றால் மணி அடிக்கும். கம்பி அறுந்தாலும் அடிக்கும். அதாவது அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வராவிட்டால், அங்கே ஏதோ கெட்டுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளும். என் தொழிலில் இது முதல் வருடப் பாடம். மீன் நாறிய பிறகுதான் நான் படித்தேன்.

அன்றைக்கு நீ ராத்தாவிடமும் கேட்டாய். "நீங்க செல்லுங்க மாமி. யார்?"

அவள் நூலைக் கோர்த்துக்கொண்டே கேட்டாள்: "அந்தப் புள்ளயச் சபையில வச்சிக் கேட்ட நேரம், தகப்பன்ட கை எங்க இரிந்திச்சாம்?"

"கையா?"

"ஓம்கா. முரசுக்காரனுக்குக் கை காட்டிக்கிட்டா இரிந்தாரு?"

நீ ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாய். பக்கத்தைப் புரட்டினாய். "மாமி! வலது கையை உயர்த்தியபடி எண்டு இரிக்கி மாமி!" என்று கத்தினாய். உன் உம்மா, "இவளுக்கு எப்பிடித் தெரியும், நாடகம் பாத்தவளா?" என்றாள். ராத்தா நூலை இழுத்துவிட்டாள். மெஷினை மிதித்தாள். எனக்கு அவள் சொன்னது விளங்கவில்லை. விளங்காததை நான் வழமையாகச் செய்வது போலக் கடந்து போனேன்.

இனி நான் உன்னிடம் ஒருபோதும் சொல்லாத ஒன்று. என் வாப்பா மௌத்தாகும்போது எனக்குப் பதினாறு. ராத்தாவுக்குக் கலியாணம் பேசியபோது பதினெட்டு. வீட்டில் வேறு ஆண் இல்லாதபடியால் நான்தான் அவளுக்கு வலி. பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பாளன். மீசை சரியாக அரும்பாத வலி. நிக்காஹ் முற்பகல் பதினொன்றரைக்கு. எனக்குத் தொழில்நுட்பக் கல்லூரியில் செய்முறைச் சோதனை இரண்டு மணிக்கு, அடுத்த ஊரில். பஸ் பன்னிரண்டு ஐந்துக்கு. இதெல்லாம் நேற்று நடந்தது போல எனக்கு நினைவிருக்கிறது. ராத்தா உடுத்தியிருந்த சாரியின் நிறம் நினைவில்லை.

இரண்டு சாட்சிகளோடு அவளுடைய அறைக்குப் போனேன். மாப்பிள்ளையின் பெயரையும் அவர் கொடுக்கும் மஹரையும் சொல்லி, "சம்மதமா ராத்தா?" என்று கேட்டேன். அவள் மருதோன்றிக் கையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். நான் நான்கு விநாடி நின்றிருப்பேன். ஐந்தாவது விநாடியில் ஒரு சாட்சி, தூரத்துச் சொந்தம், "புள்ள வெக்கப்படுது, வா தம்பி" என்றார். வெளியே வந்தேன். பதிவுகாரர் நிமிர்ந்து பார்த்தார். "சம்மதம் சொல்லிட்டா" என்றேன். சொல்லிட்டா! அவள் வாயே திறக்கவில்லை. அன்றைக்கு அந்தப் பதிவுப் புத்தகத்தில் அவளுடைய பெயர் எழுத இடம் இருந்தது, அவள் ஒப்பமிட இடம் இருக்கவில்லை. ஒப்பமிட்டவன் நான். பஸ்ஸைப் பிடித்தேன். சோதனையில் முதலாவதாக வந்தேன்.

மாப்பிள்ளை அவளைத் தன் வியாபாரத்தோடு கொழும்புக்குக் கூட்டிப் போனார். எங்கள் ஊர் வழமைப்படி அவர் பெண் வீட்டில் வந்து இருந்திருந்தால், சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டிருக்கும். கேட்கவில்லை. அவர் கை நீட்டுகிறவர் என்பது ஆறாவது வருடம்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அந்த ஆறு வருடமும் நான் போன் எடுத்து "எப்பிடி ராத்தா?" என்று கேட்டேன், "நல்லா இரிக்கன்" என்றாள், வைத்துவிட்டேன். மொத்தம் பத்து விநாடி. காதியிடம் பஸஹ் என்கிற மணமுறிவு வாங்கி அவள் திரும்பி வந்தபோது உனக்கு நாலு வயது. இந்த வீட்டில் உனக்கு எழுத்துச் சொல்லித் தந்தவள் அவள், சடை பின்னியவள் அவள். அவள் இங்கே ஏன் இருக்கிறாள் என்று நீ கேட்டபோதெல்லாம் "விதி" என்றேன். விதிக்கு ஒப்பமிடத் தெரியாது மகள். நான்தான் இட்டேன்.

உனக்கும் அதைத்தான் செய்து வந்திருக்கிறேன். ஆறு வயதில் உன்னை மருந்துக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் உன்னைப் பார்த்து, "எங்க நோகுது?" என்று கேட்டார். நீ யோசித்துக்கொண்டிருந்தாய். எனக்கு ஓர் ஐஸ் தொழிற்சாலையில் வேலை காத்திருந்தது. "வயிறு டொக்டர்" என்றேன். வயிற்று மருந்தோடு வந்தோம். பின்னேரம் உன் காதிலிருந்து சீழ் வடிந்தது. "ஏன்டி சொல்லல்ல?" என்று உன்னையே ஏசினேன். "நீங்க சொல்லிட்டீங்களே வாப்பா" என்றாய். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். இதை எத்தனையோ வீட்டில் பகிடியாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது எழுதும்போது பகிடியாக இல்லை.

இந்தச் சம்பந்தம் வந்த நாளைப் பார்ப்போம். மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு, உன் உம்மா குசினி வாசலில் உன்னைக் கேட்டாள்: "என்ன மகள் செல்றாய்?" நான் சேர்ட்டை மாற்றிக்கொண்டிருந்தேன், அறையிலிருந்து கேட்டது. நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்கட விருப்பம்" என்றாய். "அல்ஹம்துலில்லாஹ், புள்ளைக்குச் சம்மதம்" என்று உம்மா எனக்குக் குரல் கொடுத்தாள். நான் சேர்ட்டின் கடைசிப் பொத்தானைப் போடுவதற்குள் சாய்ந்தமருதில் மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை கெட்டவனில்லை. விசாரித்தேன், மூன்று இடத்தில். அவனைப் பற்றி மூன்று இடத்தில் விசாரித்த நான், உன்னைப் பற்றி ஓர் இடத்திலும் விசாரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நீ குறைந்துகொண்டே வந்தாய். முதலில் பாட்டு நின்றது. பிறகு தொலைபேசியில் சிரிப்பது. பிறகு உம்மாவோடு சண்டை பிடிப்பது. "பொறுப்பு வந்திட்டுது" என்று உன் உம்மா மகிழ்ந்தாள். நானும் தலையாட்டினேன். இப்போது மாடியில் பெயின்ட் அடிக்கிறார்கள், உங்கள் இருவருக்குமான வீடு. நீ நிறம் பார்க்க ஏறுகிறாய், படியில் உன் காலடி பாதியில் நின்றுவிடுகிறது. அது திரும்பக் கேட்கும் வரை கீழே என் கையில் திருப்புளி அசைவதில்லை. அந்த நாடகத்தின் கடைசிக் காட்சியை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். எனக்குப் பயம் மகள். உயரமான கோபுரத்தில் ஏறியிருக்கிறேன், வாயு கசிந்த அறைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். இந்தப் பயம் அந்த மாதிரி இல்லை. அங்கே எது வெடிக்கும் என்று தெரியும்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பின், இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ராத்தாவிடம் கேட்டேன். "அண்டைக்கு ஏன் ராத்தா ஒண்டும் செல்லல்ல?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "நீ கேக்கவா வந்தாய் தம்பி? மூடி கழட்டின பேனையோட வந்தாய்."

எனக்கு அந்தப் பேனை நினைவிருக்கவில்லை. அவள் சொன்ன பிறகு விரலில் பட்ட மை உட்பட எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்தத் தலைவனின் கையை அவள் ஏன் கேட்டாள் என்பதும் விளங்கியது.

"ஓம் எண்டு சொன்னாலும் எழுதுவாய், சும்மா இரிந்தாலும் எழுதுவாய்," என்றாள். "இல்ல எண்டு செல்லியிருந்தா? பந்தல் நிறைய ஆக்கள், கிடாரத்தில சோறு, உம்மா தலைவலி எண்டு படுத்துக் கிடக்கா. நான் எந்த வாயால செல்ற?"

"இப்ப நான் போய் மகளிட்டக் கேக்கட்டா?"

"கேளு. உன்ட முகத்துக்குத்தான் பதில் வரும்." என்னை ஒருமுறை மேலிருந்து கீழ் பார்த்தாள். "கலியாணக் காட்டுக் குடுத்த வீடு, பெயின்ட்காரன், மாப்பிள்ளைட வாப்பா எல்லாரையும் முகத்தில ஒட்டிக்கிட்டுப் போவாய். மறுகா அந்தப் புள்ள என்ன செல்லும்? சரி எண்டு செல்லும்."

"அவளுக்கு விருப்பமா இல்லையா எண்டு உனக்குத் தெரியுமா ராத்தா?"

"தெரிஞ்சாலும் உனக்குச் செல்ல மாட்டன். நானும் அந்த வேலைக்காரி ஆகவா? முதல்ல முகத்தில ஒட்டினதெல்லாத்தையும் கழட்டிட்டு வா. மறுகா கேளு."

ஆக உன் ஒப்படைக்கு என் விடையை மாற்றுகிறேன், இரண்டு வருடம் பிந்தி. வாயிற்காவலன் அல்ல. வேலைக்காரியும் அல்ல. எல்லாருக்கும் பங்கு உண்டு என்று சமமாகப் பிரித்து எழுதுவதும் பிழை. அப்படி எழுதினால் புள்ளி கிடைக்கும், ஆனால் அது தப்பி ஓடும் வழி. அவர்கள் எல்லாரும் சொல்லியிருக்கலாம். கேட்கும் கடமை ஒருவனுக்குத்தான் இருந்தது, கேட்காமலே முரசடிக்கும் அதிகாரமும் அந்த ஒருவனுக்குத்தான் இருந்தது. "யாரும் சொல்லவில்லை" என்று அவன் அழுவது நான் எலியைக் காட்டியது போல. மார்க்கம் பெண்ணிடம் கேட்கச் சொல்கிறது. வெட்கத்தில் அவள் பேசாவிட்டால் அதையும் மதிக்கச் சொல்கிறது, அது அவளுக்கு இலேசாக இருக்கட்டும் என்று. நாங்கள் கேட்பது என்ற பகுதியை ஓடிக் கடந்து, மௌனம் என்ற பகுதியில் வந்து வசதியாக உட்கார்ந்துகொண்டோம். நான் மௌலவி இல்லை, எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன்.

என் பயம் ஒன்றல்ல, அதையும் மறைக்கப் போவதில்லை. நீ "இல்லை" என்றால் அந்த வீட்டாரின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்ற பயம். ஜும்ஆத் தொழுகையில் என்னைப் பார்த்துக் குசுகுசுப்பார்கள் என்ற பயம். உன் உம்மாவுக்கு இதை இன்னும் சொல்லவில்லை, அந்தப் பயம். எல்லாவற்றிலும் பெரியது இது: ஒருவேளை உனக்கு உண்மையிலேயே விருப்பமாக இருந்து, வீட்டைப் பிரிகிற கவலையில்தான் நீ பேசாமல் இருந்தால், நான் இன்று செய்யப் போவது உன் சந்தோஷத்தை உடைத்துவிடும். அப்படி நடந்தால் அதற்கும் பொறுப்பு நான்தான், நீ பேசாதது அல்ல. இரண்டு பிழையில் ஒன்றைச் செய்யத்தான் வேண்டும் என்றால், திருத்தக்கூடிய பிழையைச் செய்கிறேன். தள்ளிப்போன கலியாணத்தைத் திருப்பி வைக்கலாம். ஒப்பமிட்டதைத் திருப்ப ராத்தாவுக்கு ஏழு வருடம் எடுத்தது.

மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்கிறார்கள். இனிச் செய்யப் போவது:

1. தொழுதுவிட்டு வந்து உன் உம்மாவிடம் சொல்வேன். சத்தம் வரும், உனக்குக் கேட்கும். அந்த ஏச்சு எனக்கு, உனக்கல்ல. கீழே இறங்கி வராதே.

2. இந்தக் கடிதத்தை உன் மேசையில் வைப்பேன். கதவுக்கு வெளியே நிற்க மாட்டேன்.

3. சாய்ந்தமருதுக்குப் போய், வியாழக்கிழமை நிக்காஹ் இல்லை என்று மாப்பிள்ளையின் வாப்பாவிடம் நேரில் சொல்வேன். காரணம் கேட்டால், "வலி செய்யவேண்டிய வேலையை நான் செய்யவில்லை" என்பேன். உன் பெயர் என் வாயில் வராது.

4. பதிவுகாரருக்கும் பந்தல்காரருக்கும் சொல்வேன். பெயின்ட் வேலை நடக்கட்டும். அது உன் வீடு, யாரும் வந்தாலும் வராவிட்டாலும்.

5. இவ்வளவும் முடிந்த பிறகு, ஒரே ஒரு தடவை கேட்பேன். என்னிடம் சொல்லலாம், மாமியிடம் சொல்லலாம், இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதலாம். நாள் குறிக்கவில்லை.

6. நீ "ஓம்" என்றால், திரும்பவும் சாய்ந்தமருதுக்குப் போய் அவர்கள் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்பேன். எத்தனை தடவை வேண்டுமானாலும்.

7. நீ "இல்லை" என்றால், ஏன் என்று கேட்க மாட்டேன்.

8. நீ ஒன்றும் சொல்லாவிட்டால், அதுவும் "இல்லை"தான். ஒப்பமிட மாட்டேன்.